பொட்டலம்: ஜிபிஆர்எஸ் என்ற பெயருக்குள் இருக்கும் சொல்

2006 வாக்கில் எங்கள் பாளையங்கோட்டையில் செல்போன் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் தவறாமல் கேட்ட கேள்வி, "இதுல ஜிபிஆர்எஸ் உண்டா அண்ணாச்சி?" என்பது. உண்டு என்றால் விலை கொஞ்சம் கூடும். ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் 'செட்டிங்ஸ்' வந்து விழும். அதைச் சேமித்து, போனை ஒருமுறை அணைத்துப் போட்டால் திரை மூலையில் சின்னதாக 'ஜி' என்ற ஆங்கில எழுத்து தெரியும். எழுத்து தெரிந்தால் நெட் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நான்கு எழுத்துகளின் விரிவு என்ன என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

விரித்தால் 'ஜெனரல் பாக்கெட் ரேடியோ சர்வீஸ்'. பொது, வானலை, சேவை என்று மூன்று சொற்களுக்கு உடனே தமிழ் வந்துவிடும். மீதி இருக்கும் 'பாக்கெட்'டில்தான் விஷயமே இருக்கிறது.

அந்தக் காலத்தில் நெல்லை ஜங்ஷனிலிருந்து தென்காசிக்குப் போன் பேசினால், பேசி முடிக்கிறவரை ஒரு தடம் அந்த இருவருக்கு மட்டுமே சொந்தம். நடுவில் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தாலும் தடம் அவர்களுடையதே, காசும் ஓடும். செல்போனில் முதலில் வந்த தகவல் இணைப்பும் இப்படித்தான்: வினாடிக்கு 9.6 கிலோபிட் வேகம், நிமிடக் கணக்கில் கட்டணம். ஆனால் மின்னஞ்சல் படிக்கிறவர் ஒன்றைத் திறப்பார், ஐந்து நிமிடம் படிப்பார், பிறகு அடுத்ததைத் தொடுவார். படிக்கிற ஐந்து நிமிடமும் தடம் சும்மா கிடக்கும்.

இதற்கு வழி செல்போனுக்கு வெகுகாலம் முன்பே கிடைத்திருந்தது. செய்தியை முழுசாக அனுப்பாமல் சிறு சிறு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் மேலும் போகுமிடம், வந்த இடம், வரிசை எண் எழுதி, பொதுவான தடத்தில் விட்டுவிடுவது. போய்ச் சேர்ந்த இடத்தில் எண் பார்த்து அடுக்கிக்கொள்வது. 1960-களில் அமெரிக்காவில் பால் பாரன், பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸ் என இருவர் தனித்தனியே இந்த யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள். பாரன் அந்தத் துண்டுக்கு வைத்த பெயர் 'மெசேஜ் பிளாக்'. நின்ற பெயர் டேவிஸ் வைத்த 'பாக்கெட்'. அவர் ஒரு மொழியியல் அறிஞரிடம் கலந்து பேசி, மற்ற மொழிகளிலும் பொருள் குறையாமல் பெயர்க்க முடிகிற சொல்லாகப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தார். இதைப் படித்த அன்று எனக்கு மனசு நிறைந்துபோனது. அவரவர் மொழியில் சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்து வைத்த பெயர் இது. நாம்தான் இன்னும் 'பாக்கெட்' என்றே வைத்திருக்கிறோம்.

அதிலும் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் கட்டுக்கு ஒரு சொல், சட்டைப் பைக்கு வேறொரு சொல். தமிழில் இரண்டும் 'பாக்கெட்' ஆகிவிட்டன: பால் பாக்கெட், சட்டைப் பாக்கெட். அதனால் 'பாக்கெட் ரேடியோ' என்று கேட்டதும் பையில் வைத்துக்கொள்ளும் ரேடியோதான் நினைவுக்கு வரும். கடன் வாங்கிய சொல் இங்கே பொருளை மறைக்கிறது.

கலைச்சொல் ஆக்கியவர்கள் சிப்பம், பொதி, பொட்டலம் மூன்றையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சிப்பம் என்றால் அரிசி மண்டியில் 25 கிலோ மூட்டை. ஆள் வைத்துத் தூக்க வேண்டியது. பொதி நல்ல பழஞ்சொல். பொதிதல் என்றால் மூடிச் சுற்றுதல். திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் பசித்து வந்த அப்பருக்குச் சிவன் பொதிசோறு கொடுத்த கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. மலையாளத்தில் இன்றும் பொதிச்சோறுதான். ஆனால் நம் பேச்சில் பொதி என்றால் கழுதை முதுகுதான் கண்ணுக்கு வருகிறது. சுமை என்ற பொருள் ஏறிவிட்டது.

என் தேர்வு பொட்டலம். தெலுங்கில் பொட்லம், கன்னடத்தில் பொட்டண என்று அக்கம்பக்கத்திலும் உறவு உள்ள சொல். சின்னது, தனியாக மடித்தது, ஒரு கையில் அடங்குவது. அப்பா காலத்துப் பலசரக்குக் கடையை நினைத்துப் பாருங்கள். மாதச் சாமான் சிட்டையைக் கொடுத்தால் அண்ணாச்சி பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, கடுகை அள்ளிப் போட்டு, வாயை மடக்கி, மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து நாலு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு சுண்டில் அறுப்பார். மேலே பென்சிலால் விலை. வீட்டுக்கு வந்ததும் அம்மா சிட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணுவாள். வெந்தயம் இல்லையென்றால் அந்த ஒரு பொட்டலத்துக்காக மட்டும் என்னைத் திரும்ப ஓட விடுவாள். மொத்தச் சாமானையும் மறுபடி கட்டச் சொல்வதில்லை. செல்போன் இணைப்பில் நடப்பதும் அச்சாக இதுவே. வராத பொட்டலம் மட்டும் திரும்ப வரும்.

கட்டணமும் அதனால்தான் மாறியது. ஓர் அலைவரிசையைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்த நேரத்தை எட்டாகப் பிரித்திருப்பார்கள்; அந்த எட்டுக் காலத்துண்டுகளையும் சேர்த்தால் ஜிபிஆர்எஸ்ஸின் கணக்கு வேகம் வினாடிக்கு 171.2 கிலோபிட், கையில் கிடைத்தது அதில் சிறு பங்கு. ஆனாலும் நேரத்துக்குக் காசு இல்லை, வந்து போன கிலோபைட்டுக்குத்தான் காசு. துபாயிலிருந்து என் அண்ணன் போட்ட மின்னஞ்சலை நான் முதலில் தலைப்பு மட்டும் இறக்கிப் பார்ப்பேன். படம் சேர்த்திருந்தால் தொடமாட்டேன். ஒருமுறை போன் சட்டைப் பையில் கிடந்தபோது நெட்டைத் திறக்கும் நடுப்பொத்தான் தானாக அமுங்கி, 30 ரூபாய் இருப்பும் கரைந்துவிட்டது. சேவை மையத்தில் கேட்டால், "நீங்க உபயோகிச்சிருக்கீங்க சார்" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அன்று ஜங்ஷனிலிருந்து வீட்டுக்கு ஒரு போன்கூடப் பண்ண முடியாமல் நின்றேன்.

பொட்டலம் என்றால் மதிப்புக் குறைவு என்று ஒரு நண்பர் வாதாடினார். செய்தித்தாளில் கஞ்சாவோடு சேர்த்துச் சேர்த்து அந்தச் சொல்லுக்கு அழுக்கு ஏறியது உண்மைதான். ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி கரை மீறி ஊர் ஊராகத் துண்டித்தபோது, ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஹெலிகாப்டரிலிருந்து போட்டது உணவுப் பொட்டலம். அன்று அந்தச் சொல்லைக் கேட்டு யார் முகம் சுளித்தார்கள்? அல்வாவையும் நாம் கால் கிலோப் பொட்டலமாகத்தானே உறவுக்காரர்களுக்கு வாங்கிப் போகிறோம்.

ஆகவே ஜிபிஆர்எஸ் என்பதைப் பொதுப் பொட்டல வானலைச் சேவை எனலாம். நீளம்தான், எழுத்துக்கு அது, பேச்சுக்கு ஜிபிஆர்எஸ்ஸே இருந்துவிட்டுப் போகட்டும். துண்டு துண்டாக அனுப்பும் அந்த முறைக்குப் பெயரான 'பாக்கெட் ஸ்விட்சிங்' பொட்டல நிலைமாற்றம், 'பாக்கெட் லாஸ்' பொட்டல இழப்பு.

கடைசியாகச் சொன்னது இன்றைக்கும் புழங்குகிற சொல். போன மாதம் என் அக்கா மகன் போனில் விளையாடிக்கொண்டிருந்தவன் சலித்துக்கொண்டான்: "ஒரே பாக்கெட் லாஸ் மாமா." அப்படியென்றால் என்னடே என்றேன். தெரியவில்லை. அண்ணாச்சி கடை, சிட்டை, வெந்தயம் எல்லாம் சொன்னேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னான்:

"அப்ப வெந்தயப் பொட்டலம் வழியில விழுந்துட்டுன்னு சொல்லுதீங்க."