நெகட்டிவ் காட்டும் ஒளிக்கசிவின் வழி

கழுவி உலர்த்திய ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்போது, படத்தின் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவிய கரும்புகைத் திட்டு ஒன்று கண்ணில் பட்டால், கேமராவுக்குள் வேண்டாத ஒளி கசிந்திருக்கிறது என்று பொருள்; நெகட்டிவில் ஒளி பட்ட இடமே கறுக்கும். பலரும் முதலில் செய்வது கேமராவின் பின்மூடியைத் திறந்து, மூட்டில் ஒளியைத் தடுக்கும் நுரைப்பட்டைகளையெல்லாம் பெயர்த்தெடுப்பதுதான். கேமராவில் கைவைப்பதற்கு முன் அந்த நெகட்டிவைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, ஃபிலிம் எங்கே இருந்தபோது வந்தது, நெடுநேரம் கசிந்ததா என்பவை பெரும்பாலும் அதிலேயே பதிவாகியிருக்கும்.

மிகச் சிறிய துளைகூட ஏன் இவ்வளவு கேடு செய்கிறது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். ஷட்டர் 1/125 வினாடி திறந்து மூடிய பிறகு, ஃபிலிமை நகர்த்தி, அடுத்த படத்தை எடுக்க ஒரு மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். அந்த ஒரு மணி நேரம் ஷட்டர் திறந்திருந்த நேரத்தைப் போல 4,50,000 மடங்கு. ஆகவே, லென்ஸ் வழியே விழும் ஒளியைவிட நாலரை லட்சம் மடங்கு மங்கலான கசிவும் படத்துக்கு இணையான கருமையை உண்டாக்கிவிடலாம். மிக மங்கலான ஒளியில் ஃபிலிமின் உணர்திறன் குறைந்துவிடுவதால் நடைமுறையில் கணக்கு இவ்வளவு நேராக வராது. ஆனாலும் நேரம்தான் இங்கே முதன்மையானது. ஒரே சுருளில் சில படங்கள் மட்டும் கெட்டிருந்தால், அவை கேமராவுக்குள் நெடுநேரம் காத்திருந்த படங்களா என்று நினைவுபடுத்திப் பார்ப்பது நல்ல தொடக்கம்.

35 மில்லிமீட்டரைவிடப் பெரிய ஃபிலிமில் படமெடுக்கும் மீடியம் ஃபார்மட் கேமராக்களில் பயன்படும் 120 ஃபிலிம் 1901இல் அறிமுகமானது. ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் அகலமுள்ள அதன் முதுகில் ஒளிபுகாத் தாள் ஒன்று சுருளின் முழுநீளத்துக்கும் கூடவே ஓடுகிறது. 1965இல் வந்த 220 ஃபிலிமில் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே தாள் உண்டு. 35 மில்லிமீட்டர் ஃபிலிமைப் போல உலோக உறை இல்லாததால், 120 சுருளுக்குக் காப்பு இந்தத் தாளும் அது இறுக்கமாகச் சுற்றப்பட்டிருப்பதும்தான். ஆகவே முதுகுப்புறம் ஓரளவு பத்திரமாக இருக்க, சுருளின் இரு விளிம்புகளே எளிதில் ஒளிபடும் இடங்களாகின்றன.

இனி நெகட்டிவைப் பிடிக்கும் முறை. பளபளப்பான பக்கம் நம்மை நோக்க, ஒளியை உணரும் பூச்சான எமல்ஷன் உள்ள மங்கலான பக்கம் எதிர்ப்புறம் பார்க்க, படம் தலைகீழாகத் தெரியும்படி பிடித்தால், கேமராவின் பின்னால் நின்று பார்க்கும்போது ஃபிலிம் உள்ளே எப்படி இருந்ததோ அப்படியே நம் கையில் இருக்கும். அப்போது நெகட்டிவின் இடது கேமராவின் இடது, நெகட்டிவின் மேல்புறம் கேமராவின் மேல்புறம். லென்ஸ் காட்சியைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் பதிப்பதால், நிமிர்ந்த படத்தை வைத்துக் கசிவைத் தேடுபவர்கள் நேர் எதிர்ப்பக்கத்து மூட்டைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, படச் சட்டத்துக்கு வெளியே உள்ள வெற்று விளிம்பு. நோய்நாடலின் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். ஸ்கேன் செய்பவர்கள் பெரும்பாலும் வெட்டி எறிவதும் இந்தப் பகுதியைத்தான். ஃபிலிமுக்கு முன்னால் உள்ள உலோகச் சட்டம், லென்ஸ் பக்கத்திலிருந்து வரும் எந்த ஒளியையும் படத்தின் எல்லைக்குள் நிறுத்திவிடுகிறது. எனவே கருமை படத்தின் எல்லையில் கத்தரித்தாற்போல நின்றிருந்தால், ஒளி துருத்தி (லென்ஸையும் கேமரா உடலையும் இணைக்கும் மடிப்புறை), ஷட்டர், பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள அறை, டார்க் ஸ்லைடு (ஃபிலிமை லென்ஸ் பக்கத்து ஒளியிலிருந்து மறைக்கச் செருகும் தகடு) நுழையும் பிளவு ஆகியவற்றில் ஒன்றின் வழியே வந்திருக்க வேண்டும். விளிம்பையும், இரு படங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியையும் கடந்து பரவியிருந்தால், பின்மூடியின் மூட்டு, கீல், தாளிலுள்ள பட எண்ணைப் பார்க்கும் சிவப்புச் சாளரம், அல்லது தளர்ந்த சுருள் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

என்னிடமுள்ள பழைய மடிப்புக் கேமரா ஒன்றில் இதை நேரடியாகக் கண்டேன். 6×6 சென்டிமீட்டர் அளவில் 12 படங்கள் எடுத்த சுருளில் நான்காவதும் ஒன்பதாவதும் மட்டும் கெட்டிருந்தன. மேற்சொன்னபடி பிடித்துப் பார்த்தபோது, வலப்புறம் கீழே, மங்கிய ஓரங்களுடன் நீள்வட்டக் கருமை. வெற்று விளிம்பிலோ துளிக் கறையும் இல்லை. அந்த இரண்டு படங்களுக்கு மட்டும்தான் நான் துருத்தியை விரித்த நிலையிலேயே வெயிலில் நெடுநேரம் காத்திருந்தேன். துருத்தியின் துளை வழியே நுழையும் ஒளி, அறையைக் குறுக்கே கடந்து எதிர்ப்புறத்தில் விழும் என்பதால், துளை இடப்புறம் மேலே இருக்க வேண்டும் என்று தோன்றியது. இருட்டறையில் கண் பழகுவதற்காக 20 நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, சிறிய எல்இடி விளக்கைத் துருத்திக்குள் வைத்து மெல்லத் திருப்பினேன். இடப்புற மேல்மூலையில், மடிப்பு முறியும் முனையில், ஊசிமுனையைவிடச் சிறிய புள்ளி ஒன்று விண்மீனைப் போல ஒளிர்ந்தது. பகலில் விரலால் தடவியும் அகப்படாத துளை அது.

சுருளின் விளிம்பில் ஒளி பட்டிருந்தால் தடம் வேறுவிதமாக இருக்கும். அலையலையான கருமை, ஃபிலிமின் ஒரு பக்கமோ இரு பக்கமுமோ, சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். அந்த இடைவெளிதான் அந்த இடத்தில் சுருளின் சுற்றளவு. சுருளின் விட்டம் 2 சென்டிமீட்டராக இருந்தால் கறைகள் சுமார் 6.3 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வரும். உட்சுற்றுகளை நோக்கிப் போகப் போக இடைவெளி சுருங்கி, கருமையும் தேயும். இது பெரும்பாலும் கேமரா உடலின் குறையன்று. ஏற்றும்போது ஃபிலிம் தளர்ந்தது, எடுத்த சுருளை வெயிலில் பிரித்தது, அல்லது ஃபிலிம் சுற்றப்படும் உருளையான ஸ்பூலை அழுத்திப் பிடிக்கும் தகடு வலுவிழந்தது ஆகியவற்றின் விளைவு.

வண்ண ஃபிலிமில் நிறமும் துணை நிற்கிறது. எமல்ஷன் பக்கத்தில் நீலத்தை உணரும் அடுக்கு மேலேயும் சிவப்பை உணரும் அடுக்கு அடியிலும் இருப்பதால், முதுகிலிருந்து வரும் ஒளி முதலில் சிவப்பு அடுக்கைத் தாக்கி, அச்சிட்ட படத்தில் செம்மஞ்சள் கறையாகத் தெரியும். 120இல் தாள் மறைப்பதால் இது குறைவு. ஆயினும் சிவப்புச் சாளரத்தின் மூடி சரியாக மூடாத கேமராவில், சாளரத்துக்கு நேரே செந்நிற வட்டம் ஒன்று விழுவதுண்டு. சிவப்பை உணராத ஃபிலிம்களின் காலத்தில் அமைக்கப்பட்ட அந்தச் சாளரம், எல்லா நிறங்களையும் உணரும் இன்றைய ஃபிலிமுக்குப் பாதுகாப்பானதன்று.

இவ்வளவு பார்த்தும் ஐயம் தீராவிட்டால், பழைய ஃபிலிம் சுருள் ஒன்றை ஏற்றி, லென்ஸை மூடிவிட்டு, டார்க் ஸ்லைடு இருந்தால் அதை உருவிவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் கேமராவின் ஒவ்வொரு பக்கத்தை வெயிலுக்குக் காட்டி ஐந்து நிமிடம் வைக்கலாம். எந்த எண்ணுள்ள படத்துக்கு எந்தப் பக்கம் காட்டினோம் என்று தாளில் குறித்துக்கொள்வது அவசியம். ஒரு சுருளில் எல்லாப் பக்கங்களும் சோதனைக்கு உட்பட்டுவிடும்.

குற்றவாளி நுரைப்பட்டை என்று தெரிந்தால், அதன் நிலையைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. பாலியூரித்தேன் நுரை காற்றிலுள்ள ஈரத்தால் ஆண்டுக்கணக்கில் சிதைந்து, தொட்டால் விரலில் ஒட்டும் கருங்களிம்பாகிவிடும். அதை மரக்குச்சியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பள்ளத்தின் ஆழத்துக்கு ஏற்ற தடிமனில் புதிய நுரையை ஒட்ட வேண்டும். தேவைக்கு மேல் தடித்தால் மூடி முழுதாக மூடாமல் கசிவு இன்னும் பெருகும்.

என் துருத்தித் துளையை உட்புறமாகக் கறுப்பு ரப்பர்ப் பூச்சின் ஒரு துளியால் அடைத்து, ஒரு நாள் முழுதும் விரித்தே காயவிட்டேன். பிறகு சிவப்பு விளக்கொளியில், கறுப்பு வெள்ளை அச்சுத்தாளின் துண்டு ஒன்றைப் படச் சட்டத்தின் அளவுக்கு வெட்டி, எமல்ஷன் லென்ஸை நோக்க உள்ளே வைத்து, துருத்தியின் இடப்பக்கம் வெயிலில் படும்படி அரைமணி நேரம் வைத்தேன். டெவலப்பரில் இரண்டு நிமிடம் கிடந்தும் அந்தத் துண்டு வெள்ளையாகவே இருந்தது.