கறையானை உறிஞ்சும் கரடி

கறையான் புற்றை உடைக்கப் பல விலங்குகளுக்குத் தெரியும். அழுங்கு உடைக்கும், காட்டுப்பன்றியும் கிளறிப் பார்க்கும். உடைத்ததும் வளைக்குள் ஓடி மறையும் கறையானை, வாய் நிறைய மண் போகாமல் தின்பதுதான் கடினம். அழுங்குக்கு அதற்கென்று பசை நாக்கு இருக்கிறது. நம் காட்டுக் கரடி, அதாவது தேன்கரடி, ஊதி உறிஞ்சுகிறது. அதன் உருவத்தில் விசித்திரமாகத் தெரியும் பல அம்சங்களும் மனிதரைக் கண்டால் அது நடந்துகொள்ளும் முறையில் ஒரு பகுதியும் இந்தத் தீனியால் வந்தவை.

முதல் வேலை மூக்குக்கு. மண்ணுக்கடியில் இருக்கும் கறையானையும் மோப்பத்தால் கண்டுபிடித்துவிடும். பிறகு முன்னங்கால்களால் தோண்டும். நகங்கள் 6 முதல் 8 செ.மீ. நீளம், தந்த நிறம், பூனையைப் போல உள்ளே இழுத்துக்கொள்ள முடியாதவை. வெயிலில் இறுகிப்போன புற்றைப் பெயர்க்க இந்த நீளம் வேண்டும். அறை திறந்ததும் மூக்கை உள்ளே விட்டு 'ஃபூ' என்று பலமாக ஊதும். தளர்ந்த மண் பறந்துவிடும். உடனே உதடுகளைக் குழாய்போல் நீட்டி ஒரே இழுப்பாக உறிஞ்சும். மறுபடி ஊதல், மறுபடி உறிஞ்சல். வாக்யூம் கிளீனர் என்று சொன்னால் மிகையில்லை.

வாய்க்குள் பார்த்தால் இதன் சூட்சுமம் புரியும். மற்ற கரடிகளுக்கு மேல்தாடையில் ஆறு வெட்டுப்பற்கள் உண்டு, இதற்கு நான்குதான். நடுவிலுள்ள இரண்டும் கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் கறையான் உள்ளே போகிறது. மொத்தப் பல் 42க்குப் பதில் 40. அண்ணம் அகலமாக, குழிந்து இருக்கும். உதடுகள் தளர்ந்தவை, முடி குறைந்தவை, நன்றாக நீளக்கூடியவை. நாசித் துவாரங்களை வேண்டும்போது மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் புழுதியும் சிப்பாய்க் கறையானும் மூக்குக்குள் ஏறிவிடும். இத்தனைக்கும் பிறகு மண்ணை முழுக்கத் தவிர்க்க முடிவதில்லை. எச்சத்தைக் கிளறினால் மண்ணும், செரிக்காத கறையான் தலைகளும் கிடைக்கும்.

1791இல் ஜார்ஜ் ஷா இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, நீண்ட நகத்தையும் இல்லாத பல்லையும் நம்பி, மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் மரக்கிளையில் தொங்கி மெல்ல நகரும் ஸ்லாத் விலங்கோடு சேர்த்துவிட்டார். உயிருள்ள கரடி ஐரோப்பாவுக்குப் போன பிறகுதான் தவறு தெரிந்தது. ஸ்லாத் போல மந்தமானது என்று எண்ணிவிட வேண்டாம். பாய்ந்து ஓடினால் மனிதரை எளிதாக முந்திவிடும்.

ஆண் கரடி 80 முதல் 145 கிலோ, பெண் 55 முதல் 95 கிலோ வரை இருக்கும். கறுத்த பரட்டை முடி, வெளிறிய மூஞ்சி, மார்பில் வெள்ளையாக ஒரு V அல்லது U வடிவம். முடி நீளமாக இருந்தாலும் அடியில் அடர்ந்த மென்முடி இல்லை. வயிற்றுப் பக்கம் முடியே குறைவு. வெப்ப நாட்டுக் கரடி அல்லவா. கறையான் ஆண்டு முழுக்கக் கிடைப்பதால் இது குளிர்கால உறக்கத்துக்குப் போவதில்லை. பெண் மட்டும் குட்டி ஈனும் காலத்தில் குகையிலோ பாறை இடுக்கிலோ அடங்கும்.

பழக்காலம் வந்தால் கறையானைக் கொஞ்சம் விட்டுவிடும். முதுமலையில் சரக்கொன்றைக் காய், நாவல், இலந்தை, அத்தி. இலங்கையில் வில்பத்து, யால போன்ற உலர்வலயக் காடுகளில் பாலைப்பழமும் வீரைப்பழமும். தேனுக்காக மரமும் ஏறும். தின்ற பழங்களின் விதைகள் எச்சத்தில் முழுதாக வெளியேறி முளைப்பதால், காட்டுக்கும் இதனால் ஆதாயம்தான்.

மரம் ஏறத் தெரிந்தும், ஆபத்து வந்தால் அது மரத்தில் ஏறித் தப்புவதில்லை. சிறுத்தை மரம் ஏறும். புலியிடம் ஓடித் தப்புவதும் நிச்சயமில்லை. எதிர்த்து நின்று மிரட்டுவதே அதற்குப் பழகிய வழி. குட்டிகளும் மரத்துக்குப் போவதில்லை, தாயின் தோள்பட்டை முடியைப் பற்றி முதுகில் சவாரி செய்யும். கரடிகளில் இப்படிக் குட்டியைச் சுமப்பதை வழக்கமாகக் கொண்டது இது ஒன்றுதான். பிறந்து இரண்டு மூன்று மாதத்தில் குகையை விட்டு வெளியே வந்து, மாதக்கணக்கில் முதுகிலேயே கழிக்கும்.

மனிதருக்கு வரும் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. உறிஞ்சும் சத்தம் 100 மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அந்தச் சத்தத்தில், தலையைக் குழிக்குள் விட்ட கரடிக்கு நம் காலடி கேட்காது. பார்வையும் அவ்வளவு கூர்மையில்லை. காற்று எதிர்த்திசையில் அடித்தால் மோப்பமும் எட்டாது. பத்தடி தூரத்தில் திடீரென்று ஓர் ஆளைப் பார்த்தால் புலிக்குச் செய்வதையே நமக்கும் செய்யும். எழுந்து நின்று முகத்திலும் தலையிலும் அறையும். தின்பதற்காக அல்ல என்பதால் பெரும்பாலும் ஆளை விட்டுவிட்டுப் போய்விடும், ஆனால் காயம் கொடூரமானது.

கரடி நடமாடும் இடத்தை முன்கூட்டியே அறியலாம். புதிதாகத் தோண்டிய குழியின் சுவரில் இணையாக நகக் கீறல்கள் இருந்தால் கரடி. காட்டுப்பன்றி கிளறிய இடத்தில் அவை இருக்காது. தடத்தில் ஐந்து விரல்களும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் பதிந்து, நகக்குறி சற்று முன்னே தள்ளி விழுந்திருக்கும். ஈர மண்ணுள்ள குழியைக் கண்டால் திரும்பிவிடுவதே நல்லது.

விறகுக்கோ தேயிலைத் தோட்டத்துக்கோ போகிறவர்கள் விடியலையும் அந்தியையும் தவிர்த்து, கூட்டமாக, பேசிக்கொண்டே நடக்க வேண்டும். உண்ணிச்செடிப் புதரை ஒட்டிய வளைவுகளில் சத்தம் கூடுதலாகவே இருக்கட்டும். தூரத்தில் கரடி தெரிந்தால் அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள், ஓடினால் துரத்தும். மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரு கைகளையும் பிடரியில் கோத்து, முகத்தை மண்ணோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கரடி போன பிறகும் உடனே எழ வேண்டாம்; குட்டியோடு வந்த தாயாக இருந்தால் பக்கத்திலேயே நிற்கக்கூடும்.