சட்டைப்பை டெஸ்டரும் டேப் சுற்றிய பிளையரும்

வீட்டு வயரிங் செய்பவரைச் சட்டைப்பை டெஸ்டரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். என்னிடம் வேலைக்கு வரும் பையன்களிடம் முதலில் சட்டைப்பையிலிருந்து எடுத்துவிடச் சொல்வது அதைத்தான். டிபி, அதாவது வீட்டுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, அதன் மூடியைக் கழற்றிவிட்டுக் குனியும்போது அது நழுவி உள்ளே விழுந்தால், பிளாஸ்டிக் ஸ்லீவ் இல்லாத அதன் கம்பி பஸ்பாரையும் (கரண்ட் ஓடும் செம்புப் பட்டை) பெட்டியின் தகரத்தையும் சேர்த்து ஷார்ட் ஆக்கிவிடும். முகத்துக்கு நேரே தீப்பொறி வெடிக்கும். இடுப்பில் மாட்டும் பவுச்சில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, டெஸ்டரை எவ்வளவு நம்பலாம்? உள்ளே இருப்பது ஒரு சின்ன நியான் பல்பும், லட்சக்கணக்கான ஓம் ரெசிஸ்டரும். 230 வோல்ட்டில் தொட்டாலும் நம் உடம்பு வழியே ஒரு மில்லியாம்பியர்கூடப் போகாது. அந்தத் துளி கரண்ட் தரைக்குப் போனால்தான் பல்பு எரியும். உலர்ந்த மர ஏணியில், ரப்பர் செருப்போடு நின்றால் மங்கலாகத்தான் எரியும். மொட்டைமாடி வெயிலில் அதுவும் கண்ணுக்குத் தெரியாது. "எரியல, லைன் இல்லண்ணே" என்று வயரில் கை வைப்பது இப்படித்தான். நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்) அறுந்த வீட்டில் வேறு கூத்து: எங்காவது ஒரு ஃபேன் சுவிட்ச் ஆனில் இருந்தால் போதும், அதன் வழியே லைன் நியூட்ரலுக்கும் வந்து சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் எரியும்.

அதனால் பையில் டெஸ்ட் லேம்ப்போ (ஹோல்டரில் இரண்டு வயர் மாட்டிய பல்பு) வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரோ கட்டாயம் இருக்கட்டும். லைன் இருக்கிற இடத்தில் ஒருமுறை, வேலை செய்யும் இடத்தில் ஒருமுறை, திரும்பவும் லைன் இருக்கிற இடத்தில் ஒருமுறை என்று பாருங்கள்; பார்க்கும் கருவியே பழுதில்லை என்று அப்போதுதான் தெரியும். மெயினை ஆஃப் செய்திருந்தாலும் இதைச் செய்தாக வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயின் ஆஃப் என்பது பாதி ஆஃப்தான்.

கட்டிங் பிளையர் வாங்கும்போது கைப்பிடியின் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பல பிளையர்களில் அந்த பிவிசி உறை பிடிமானத்துக்கு மட்டும். கரண்ட் வேலைக்கான கைக்கருவிகளின் சர்வதேசத் தரமான ஐஇசி 60900-இன்படி சோதித்ததில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்றும் இருக்கும். விலை கூடுதல்தான். அப்படி வாங்கியதையும் சுத்தியல், உளி, ஹாக்ஸா பிளேடோடு ஒரே ரெக்சின் பையில் திணித்து வண்டியில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். குலுங்கிக் குலுங்கி உறையில் கீறல் விழுகிறது. அதன்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றி வருடக்கணக்கில் ஓட்டுவார்கள். வியர்வைக் கையில் டேப்பின் பசை இளகி நகரும். கீறல் எங்கே இருக்கிறது என்பதும் மறைந்துபோகும். அந்தப் பிளையரைக் கொத்தனாரிடம் கொடுத்துவிடுங்கள், கட்டுக்கம்பி முறுக்க ஆகும்.