“இது பருத்திதானே, டாக்டர்?”

வெயில் காலம் தொடங்கிவிட்டால், தோல் சிகிச்சைக்காக என்னிடம் வருவோரில் அலுவலகம் செல்பவர்களின் எண்ணிக்கை சட்டென்று கூடிவிடுகிறது. அவர்களில் பலருடைய தொல்லை உடுத்தும் உடையிலிருந்தே தொடங்குகிறது. அண்மையில் வந்த ஓர் இளைஞருக்கு, உள்ளாடையின் எலாஸ்டிக் பட்டை பதிந்த தடத்தின் மீதே இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை வளையங்கள் விளிம்பு சிவந்து தடித்திருந்தன. தொடை இடுக்குத் தோல் நீரில் ஊறியதுபோல் வெளுத்துப் போயிருந்தது. உடலோடு ஒட்டிய அவரது பேன்ட்டைக் காட்டி நான் வாயெடுப்பதற்குள், “இது பருத்திதானே, டாக்டர்?” என்றார். இந்தக் கேள்வியை இனியும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க இயலாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பருத்தி நல்ல துணி என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ‘பருத்தி’ என்பது நூலின் பெயரே தவிர, அந்தத் துணி எவ்வளவு கனமானது, எவ்வளவு நெருக்கமாக நெய்யப்பட்டது, உடலை எப்படி இறுக்குகிறது என்பதையெல்லாம் அச்சொல் தெரிவிப்பதில்லை. ஜீன்ஸும் பருத்திதான், அதன் துணி சதுர மீட்டருக்கு 400 கிராம் வரை எடையிருக்கும், மெல்லிய சட்டைத் துணியோ 100 கிராமை ஒட்டியே நிற்கும். பருத்தி வியர்வையை நன்றாக உறிஞ்சும், ஆனால் உறிஞ்சியதை எளிதில் விடாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருக்கும் புழுக்க நாள்களில், தடித்த பருத்தித் துணி காலையில் நனைந்தால் மாலை வரை ஈரமாகவே தோலோடு ஒட்டிக்கிடக்கும். அதில் இழுபடும் லைக்ரா நூலும் கலந்து, தொடையைக் கவ்விப் பிடிக்கும்படி தைத்திருந்தால், படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. ஆகவே துணியின் பெயரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நெசவையும் பாருங்கள். இழைகளுக்கிடையே ஒளி சற்றேனும் கசிந்தால்தான் காற்றும் நுழையும். லினன் இவ்வகையில் மிகச் சிறந்தது. கசங்குமே என்பார்கள், கசங்கட்டும், லினனுக்கு அதுவும் ஓர் அழகுதான்.

தளர்ந்த உடை என்றதும் சாக்குப்பை போல் தொங்கவேண்டும் என்று நான் சொல்வதாகப் பலர் முகம் சுளிக்கிறார்கள். உடையின் மிடுக்கு பெரும்பாலும் தோளில்தான் இருக்கிறது. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் சரியாக அமர்ந்து, கழுத்துப்பட்டை நேராக நின்றால், அதற்குக் கீழே மார்பிலும் அக்குளிலும் இரண்டு விரல் அளவு இடைவெளி விட்டாலும் சட்டை எடுப்பாகவே தெரியும். பேன்ட் இடுப்பில் பொருந்தித் தொடையில் தளர்ந்து நேராக இறங்கினால் போதும். கோட் அணிந்தே தீரவேண்டிய பணியில் இருப்பவர்கள் உள்ளே லைனிங் இல்லாமலோ, முதுகில் பாதி மட்டும் வைத்தோ தைத்துக்கொள்ளலாம். வழியெல்லாம் அதை அணிந்து வேகாமல், அலுவலகம் சேர்ந்தபின் மாட்டிக்கொள்ளலாம். வியர்வைக் கறை தெரியக்கூடாதென்றால் சாம்பல் நிறத்தையும் வெளிர் நீலத்தையும் தவிர்த்து, வெள்ளை, கருநீலம் அல்லது சிறு பூவேலை கொண்ட துணியைத் தேர்ந்தெடுங்கள். கறுப்பைக் கண்டு அஞ்சுவதும் மிகை. நேர் வெயிலில் அது சுடும் என்பது உண்மை, அறைக்குள் நிறத்தால் பெரிய வேறுபாடு இல்லை.

இடையே ஒரு குறிப்பு. அக்குளின் குழிந்த நடுப்பகுதி தெளிவாக இருக்க, அதைச் சுற்றிய ஓரங்களில் மட்டும் அரிப்பும் தடிப்பும் இருந்தால், நாங்கள் முதலில் ஐயப்படுவது சட்டையைத்தான். நடுக்குழியே சிவந்திருந்தால் வாசனைப் பூச்சை. அடர்நிறச் செயற்கைத் துணிகளின் சாயம் வியர்வையில் கசிந்து இத்தகைய ஒவ்வாமையைத் தருவதுண்டு. தொப்புளுக்குக் கீழே நாணய அளவில் கறுத்துத் தடித்த அரிப்பு, பெல்ட் கொக்கியிலோ ஜீன்ஸ் பொத்தானிலோ உள்ள நிக்கலின் வேலையாக இருக்கலாம்.

மற்றவை எளியவை. உள்ளாடையை நாள்தோறும் மாற்றுங்கள், வியர்வை மிகுந்தால் நண்பகலிலும் மாற்றுங்கள். பையில் ஒன்று கூடுதலாக வைத்திருப்பதில் என்ன வெட்கம்? குளித்தபின் இடுக்குகளைத் துடைத்து உலர்ந்தபிறகே உடுத்துங்கள். அரைகுறையாகக் காய்ந்த துணியை இஸ்திரி போட்டு ஒப்பேற்றாதீர்கள். ஒரே ஷூவை அடுத்தடுத்த நாள்களில் அணியாமல், இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஈரமான காலுறையை மறுநாள் எடுத்து அணியவே அணியாதீர்கள். வியர்க்குருவின் மேல் பவுடரை அப்பாதீர்கள்.

உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: படர்தாமரைக்கு, ஸ்டீராய்டு கலந்த களிம்பை நீங்களாகவே வாங்கிப் பூசாதீர்கள். அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், ஆனால் பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே இருக்கும். சில வாரங்களில் வளையத்தின் வடிவமே மாறி, எங்களுக்கும் அடையாளம் காண்பது கடினமாகிவிடும். தடிப்பு பரவினாலோ, புண்ணாகி நீர் கசிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் வாருங்கள். வரும்போது இதுவரை பூசிய களிம்பின் டியூபைக் கையோடு கொண்டுவாருங்கள். மருத்துவரைப் பார்க்கப்போகிறோம் என்று தளர்ந்த உடைக்கு மாறாமல், வழக்கமாக அலுவலகத்துக்கு அணியும் உடையிலேயே வாருங்கள்.