காசினோவில் சோறு ஏன் ஓசி?

வெளிநாட்டு ஹோட்டல் வேலைக்குக் கிளம்பும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ராமநாதபுரத்தில் பயிற்சி கொடுக்கிறேன். அதற்கு முன் ஒன்பது வருடம் கோவாவில், மாண்டவி ஆற்றில் நிற்கும் ஒரு காசினோ கப்பலில் வேலை. முதலில் சமையல்கட்டு, பிறகு பரிமாறும் பிரிவு. ஊழியர்கள் சூதாடக்கூடாது என்பதால் மேசையில் உட்கார்ந்ததில்லை. ஆனால் உட்கார்ந்தவர்களுக்குச் சோறு போட்டவன்.

போன மாதம் மண்டபம் ஊர்க்கார அண்ணன் ஒருவர் போன் செய்தார். "கோவா டூர் தம்பி. டிக்கெட்லயே பஃபே, சரக்கு, டான்ஸ் புரோகிராம் எல்லாம் அடக்கம். ஆடிப் பார்க்க சிப்ஸ் வேற தர்றாங்களாம். லாபந்தானே?"

சிப்ஸ் என்றால் காசுக்குப் பதிலாகச் சூதாட்ட மேசையில் வைக்கும் வில்லை. அந்த சிப்ஸைக் காசாக்க முடியாதுண்ணே என்றேன். மேசையில் வைத்து ஆடத்தான் வேண்டும். ஆடத் தெரியாதவரையும் நாற்காலியில் உட்கார வைப்பதற்கென்றே தரப்படும் சிப்ஸ் அது. மற்றதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் நிற்கும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம் ரூலெட். அந்தச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள். ஒரு எண் ஜெயித்தால் வைத்த காசோடு 35 மடங்கு வரும். 37 எண்ணிலும் தலா 100 வைத்தால் போட்டது 3,700, திரும்புவது 3,600. அந்த நூறு, அதாவது 2.7 சதவீதம், காசினோவுக்கு. 00-வும் சேர்ந்த அமெரிக்கச் சக்கரமென்றால் 5.26 சதவீதம். சுற்றுக்கு 500 ரூபாய், மணிக்கு 40 சுற்று, நான்கு மணி நேரம் ஒருவர் ஆடினால் மேசையில் புரண்டது 80,000. அதில் 2.7 சதவீதம் 2,160 ரூபாய். அன்றைக்கு அவர் ஜெயித்தும் போகலாம், மொத்தமாய் விட்டும் போகலாம். ஆயிரம் பேரைக் கூட்டிப் பார்த்தால் தலைக்கு இந்தக் கணக்குதான் வரும். இந்த உத்தேச நஷ்டத்தில் ஒரு பங்கைச் சாப்பாடாகவும் அறையாகவும் ஷோ டிக்கெட்டாகவும் திருப்பித் தருவதற்குத் தொழிலில் 'காம்ப்' என்று பெயர். பெரிய கட்டு வைப்பவருக்குப் பெரிய அறை. ஓசியில் கிடைத்த இறாலை ருசித்துவிட்டு "என்ன உபசரிப்பு!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கியவர்கள் உண்டு. பில் அவர்களுடையதுதான்.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. லாஸ் வேகாஸின் புகழ்பெற்ற ஸ்ட்ரிப் சாலையில் முதல் காசினோ ரிசார்ட்டான எல் ராஞ்சோ வேகாஸ் 1941-ல் திறந்தது. அந்தப் பத்தாண்டிலேயே அங்கே மலிவு விலை பஃபே வந்துவிட்டது. பசித்தவன் எழுந்து வெளியே போய்விடுவான் என்பதே அதன் சூத்திரம்.

பழைய பாணிக் காசினோக்களில் கடிகாரமும் ஜன்னலும் இருக்காது. பஃபேக்குப் போகவும் கழிப்பறைக்குப் போகவும் ஆட்டக்கூடத்தைச் சுற்றித்தான் ஆக வேண்டும். வகுப்பில் இதைப் படம் போட்டுக் காட்டியபோது கீழக்கரைத் தம்பி ஒருவன், "சார், இது எங்க வாப்பா போடுற கூடு மாதிரில்ல இருக்கு" என்றான். கடலடிப் பாறைக்குப் பக்கத்தில் மீனுக்கு இறக்கும் கூட்டைச் சொல்கிறான். வாய் அகலம், போகப்போக ஒடுக்கம். உள்ளே போன மீனுக்கு வந்த வழி தெரியாது. இப்போதெல்லாம் நான் கரும்பலகையில் கூட்டைத்தான் வரைகிறேன்.

காசினோ இருக்கும் ரிசார்ட் என்றாலே ஒதுங்கி ஓட வேண்டியதில்லை. மலேசியாவின் கெந்திங் மலையில் கேபிள் காரும் குளிரும் போதும். சிங்கப்பூர் செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் இருக்கிறது. தனி டிக்கெட் எடுத்து, ஏடிஎம் கார்டை அறையில் வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள்.

எனக்குக் கவலை நம் பிள்ளைகளைப் பற்றித்தான். சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ காசினோவுக்குள் போக 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும். மலேசியாவில் முஸ்லிம்களுக்கு அனுமதியே கிடையாது. சொந்த ஊர்க்காரனைத் தயங்க வைக்க வாசலிலேயே தடை போட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பரமக்குடிக்காரனுக்கு அந்த 150 வெள்ளி இல்லை, பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். சம்பளம் வந்த சனிக்கிழமை இரவு, எட்டுப் பேர் படுக்கும் அறையின் புழுக்கம். அங்கே குளுகுளு ஏசி, ஓசியில் காபி. "சும்மா உட்கார்ந்துட்டு வரலாம்னுதான் சார் போனேன்" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். வீட்டுக்குப் பணம் வராத இரண்டாவது மாதத்தில் அம்மாக்கள் என்னிடம் வருவார்கள்.

ஜெயித்தால்? இந்தியாவில் சூதாட்ட வருமானத்துக்கு 30 சதவீத வரி, மேல்வரி தனி. தோற்றதை அதில் கழிக்க முடியாது.

சிங்கப்பூரில், என்னை உள்ளே விடாதீர்கள் என்று நீங்களே எழுதிக் கொடுக்கலாம். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் அந்த வசதி உண்டு. சூதாட்டப் பிரச்சினைகளுக்கான தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6668-668. இங்கே ஊரில் தூக்கமில்லாமல் தவிப்பவர்கள், ஆன்லைன் ரம்மியில் மாட்டியவர்கள் உட்பட, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416-ஐ அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை.

பாஸ்போர்ட் நகல் எடுக்கும் நாளிலேயே அந்தத் தடை விண்ணப்பத்தைப் பற்றியும் வகுப்பில் சொல்லிவிடுகிறேன். போன பேட்ச்சில் நாலு பேர் விவரம் குறித்துக்கொண்டார்கள். கூடு போடுகிறவர் மகன்தான் முதல் ஆள்.