பயத்தில் உறைந்த நாயைச் ‘சாது’ என்று சொல்லித் தத்துக் கொடுக்காதீர்கள்

ஜூலி திரும்பி வந்துவிட்டாள். வெள்ளை நிறம், ஆறு கிலோ எடை, ஸ்பிட்ஸ் இனக் கலப்பு நாய். சனிக்கிழமை மாலை ஆசை ஆசையாகத் தூக்கிக்கொண்டு போனவர்கள், செவ்வாய்க்கிழமை கிளினிக் திறப்பதற்கு முன்பே வாசலில் வந்து நின்றார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லையாம். பையன் கையை நீட்டினால் உறுமுகிறதாம். “விளம்பரத்தில் சாது, பாசமானது என்று போட்டிருந்ததே டாக்டர்?” என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மூன்றே நாளில் கேட்கிற கேள்வி அல்ல.

மீட்கப்பட்ட நாய்களைப் பரிசோதித்து, ஊசி போட்டு, தத்துக் கொடுக்கத் தயார் செய்வது என் வேலையில் ஒரு பகுதி. நாட்டு நாய்க்கு வீடு தேடி மாதக்கணக்கில் அலைய வேண்டும். ஜூலியைப் போன்ற புசுபுசுவென்ற சின்ன நாய்க்கோ விளம்பரம் போட்ட அன்றே அழைப்புகள் குவியும். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. முதலில் அழைத்தவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்த நாய்கள் எங்கிருந்து வருகின்றன என்று முதலில் பாருங்கள். ஜூலியின் காம்புகள் தொங்கிப்போயிருக்கின்றன. பல ஈற்றுக் குட்டிகளுக்குப் பால் கொடுத்த அடையாளம் அது. நடக்க இடமில்லாமல் கூண்டிலேயே கிடந்ததால் நகங்கள் தேயாமல் வளைந்து வளர்ந்திருந்தன. கடைவாய்ப் பற்களில் காரை மஞ்சள் நிறத்தில் படிந்திருந்தது. குட்டி போடும் வரை வைத்திருந்து, வயதானதும் இரவோடு இரவாக ஏதோ ஒரு ரயில் நிலையத்தின் பக்கம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி ஒரு பெண் நாய் ஓராண்டில் ஒரு முறைக்கு மேல் ஈனக் கூடாது. விதி இருக்கிறது. (நம் ஊரில் ‘பொமரேனியன்’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். என் பதிவேட்டில் அவற்றில் பாதிக்குப் பெயர் ஜூலி.)

என்னை அதிகம் எரிச்சலூட்டும் விஷயத்துக்கு இப்போது வருகிறேன். பரிசோதனை மேசையில் ஜூலியை வைத்தால் அசைய மாட்டாள். ஊசி குத்தினால்கூடச் சத்தம் வராது. பார்க்கிறவர்கள் எல்லோரும் “எவ்வளவு சமத்து!” என்பார்கள். சமத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளைத் தூக்கியபின் அந்த எவர்சில்வர் மேசையைப் பாருங்கள். நான்கு பாதங்களின் ஈரத் தடமும் அச்சு அசலாகப் பதிந்திருக்கும். நாய்க்குப் பாதத்தில் வியர்க்கும். பயந்தால் நன்றாகவே வியர்க்கும். வால் வயிற்றோடு ஒட்டியிருக்கிறது. தூக்கம் இல்லாமலேயே கொட்டாவி வருகிறது. எதுவும் சாப்பிடாமலேயே மூக்கை நக்கிக்கொள்கிறாள். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்புவதால் ஓரத்தில் வெள்ளை விழி தெரிகிறது. வேகவைத்த கோழி ஈரலை மூக்குக்கு நேராக நீட்டினாலும் வாய் திறப்பதில்லை. நல்ல ஆரோக்கியமான நாய் கோழி ஈரலை மறுக்கிறது என்றால் அது அமைதியாக இருக்கிறது என்று அர்த்தமா? ஓடவும் வழியில்லை, எதிர்க்கவும் தைரியமில்லை என்ற நிலையில் உடல் உறைந்து நிற்கிறது. அவ்வளவுதான்.

இந்த உறைவைக் குணம் என்று நினைத்துத்தான் விளம்பரத்தில் ‘சாது’, ‘குழந்தைகளுடன் நன்றாகப் பழகும்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். புது வீட்டில் பயம் கொஞ்சம் தெளிந்ததும் நாய் வாய் திறக்கிறது. காலிங் பெல்லுக்குக் குரைக்கிறது. பிடிக்காததைச் செய்தால் உறுமுகிறது. உடனே எனக்கு அழைப்பு: “வந்தபோது நன்றாகத்தான் இருந்தது, இப்போது கெட்டுப்போய்விட்டது.” அது கெட்டுப்போகவில்லை. ‘வேண்டாம்’ என்று சொல்லும் அளவுக்கு இப்போதுதான் அதற்குத் தைரியம் வந்திருக்கிறது. உறுமியதற்காக அதட்டாதீர்கள், அடிக்காதீர்கள். அடித்தால் உறுமல் நின்றுவிடும், பயம் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேராகக் கடி விழும்.

இன்னொன்று. கூச்சமுள்ள நாயைப் பார்த்ததும் “யாரோ அடித்து வளர்த்திருக்கிறார்கள்” என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். நாம் மீட்பர்களாகத் தெரிவதால் அந்தக் கதை நமக்குப் பிடித்திருக்கிறது. அடி வாங்கியும் இருக்கலாம். ஆனால் ஒரு குட்டி பிறந்த 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரை எதையெல்லாம் பார்த்துக் கேட்டுப் பழகுகிறதோ, அதுதான் அதற்குப் பிற்காலத்தில் இயல்பான உலகம். அந்த வாரங்களைக் கூண்டில் கழித்த நாய்க்குக் குக்கர் விசிலும் மாடிப்படியும் மின்விசிறியின் நிழலும்கூடப் புதிது. யாரும் அடிக்காமலேயே அது பயப்படும். ஒரே ஒரு வாரம் பாசத்தைக் கொட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். மாதங்கள் ஆகும். சில பயங்கள் கடைசிவரை இருக்கும்.

அதே ஜூலிதான், மாலையில் நோயாளிகள் எல்லோரும் போனபின் நான் தரையில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தால், மெல்ல வந்து முதுகுப் பக்கம் நிற்பாள். முழங்கையை முகர்வாள். பிறகு தாடையைத் தொடைமேல் வைத்துவிடுவாள். தடவும் கையை எடுத்துவிட்டால் மூக்கால் தள்ளித் திரும்ப வைக்கச் சொல்வாள். பாசம் இல்லாமல் இல்லை. பக்கத்தில் வருவதை அவள்தான் தொடங்க வேண்டும், நாம் தொடங்கக் கூடாது.

அதனால் வீடு தேடுபவர்கள் அந்த நாய்க்கு ஏற்ற வீட்டைத் தேடுங்கள். வயதான தம்பதி, தனியாக வாழும் ஒருவர், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் உள்ள குடும்பம் என்றால் நல்லது. சாந்தமான வேறொரு நாய் ஏற்கெனவே இருந்தால் இன்னும் நல்லது. புதிது பழையதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் நீங்களே பேசிவிடுங்கள். ‘அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்’ என்று சொன்ன வீடுகளிலிருந்துதான் நாய்கள் திரும்பி வருகின்றன. செல்லப்பிராணிகள் கூடவே கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் தடைபோட முடியாது என விலங்குகள் நல வாரியம் சொல்லியிருப்பது உண்மை. ஆனால் அந்தச் சண்டைக்கு நடுவில் கூச்சமுள்ள நாயைத் தள்ளாதீர்கள். பால்கனி கிரில்லின் இடைவெளியை நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீர் கேன் போடுபவர் வரும்போது கேட்டை யார் மூடுகிறார்கள் என்று கேளுங்கள். பிறந்தநாள் பரிசாகக் கேட்பவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் யாருக்குமே கொடுக்க வேண்டாம்.

கொடுக்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சுருண்டு படுத்துச் சாப்பிடாமல் கிடக்கும் நாய் எல்லாம் பயந்த நாய் அல்ல. உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்த நாயும் அப்படித்தான் கிடக்கும். கருத்தடை அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயதாகும்போது கருப்பையில் சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. ஜூலிக்கு முடித்துவிட்டோம். வெறிநோய்த் தடுப்பூசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தத்தெடுப்பவர்களுக்குச் சில வார்த்தைகள், கொஞ்சம் கடுமையாகவே. வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். வீடியோ எடுக்க அதன் முகத்துக்கு நேரே குனியாதீர்கள். ஓர் அறையின் மூலையில் பழைய போர்வை, தண்ணீர், மேலே மூடிய மறைவிடம் ஒன்று இருந்தால் போதும். மேசைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டிகூடப் போதும். அது உள்ளே இருந்தால் யாரும் கையை உள்ளே நுழைக்கக் கூடாது. கட்டிலுக்கு அடியில் போனால் இழுக்காதீர்கள். சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கோழியும் சோறும் போதும்; வெங்காயம் சேர்த்த குழம்புச் சோறு கூடாது. இடி, பட்டாசுக்குப் பயந்து உங்களிடம் ஒட்டிக்கொண்டால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். ஆறுதல் சொன்னால் பயம் அதிகமாகும் என்பது தவறு. பயத்துக்கு மருந்து உண்டு, மருத்துவரைக் கேட்டுக் கொடுக்கலாம். பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிய மாத்திரை வேண்டவே வேண்டாம். சில மயக்க மருந்துகள் உடலை மட்டும் அசையவிடாமல் செய்யும். பயம் உள்ளே அப்படியே இருக்கும்.

குழந்தைகள் இருந்தால் ஒரே ஒரு கட்டுப்பாடு: தூக்கக் கூடாது. லாப்ரடாரை யாரும் கேட்காமல் தூக்குவதில்லை. ஆறு கிலோ என்பதாலேயே இந்த நாய்கள் நாள் முழுவதும் அந்தரத்தில் தொங்குகின்றன. சின்ன நாயின் கடி என்று அலட்சியமும் வேண்டாம். பல் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

வெளியே கூட்டிப்போகும்போது கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாதீர்கள். இவற்றின் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே அளவு. பயந்து பின்னால் இழுத்தால் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். தவிர, சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழல் எளிதில் நசுங்கும். மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள், அளவாக. ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தால் போதும், வெறும் பட்டையோடு நீங்கள் நடுத்தெருவில் நிற்பீர்கள்.

முடியவில்லை என்றால், கெஞ்சிக் கேட்கிறேன், கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். ஜூலியைக் கொண்டுவந்தவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் கொண்டுவந்தார்களே. பலர் கொண்டுவருவதில்லை. விலங்கைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு வேளை டிபனுக்கு ஆகும் செலவு.

ஓடிப்போய்விட்டால்? சிப் போட்டிருக்கிறதே, போனில் இடம் தெரியாதா என்று கேட்கிறார்கள். தெரியாது. தோலுக்கு அடியில் இருப்பது 15 இலக்க எண் மட்டும்தான். யாராவது பிடித்துக் கருவி வைத்துப் பார்த்தால்தான் அது பேசும்; அந்த எண்ணோடு உங்கள் இப்போதைய போன் எண்ணையும் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். தெருவே கூடிப் பெயர் சொல்லிக் கத்தாதீர்கள். நேற்று வைத்த பெயர் அதற்குத் தெரியாது, துரத்தும் கூட்டம் மட்டும் தெரியும். இப்படிப்பட்ட நாய் பெரும்பாலும் வெகுதூரம் போகாது. நிறுத்தியிருக்கும் கார்களுக்கு அடியிலும் படிக்கட்டுச் சந்திலும் மழைநீர் வடிகால் ஓரத்திலும் பதுங்கும். தெரு அடங்கிய பின்னிரவிலோ விடிவதற்கு முன்போ தேடுங்கள். அது படுத்த போர்வையைக் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டு வையுங்கள், துவைக்காமல். கண்ணில் பட்டால் நெருங்க வேண்டாம். வீட்டில் அதற்கு அதிகம் பழக்கமான ஒருவர் மட்டும் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, கோழித் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டிருக்கட்டும். அன்றும் வரவில்லை என்றால் அதே இடத்தில், அதே நேரத்தில் தினமும் சாப்பாடு வைத்துப் பழக்குங்கள். பிறகு மீட்பவர்களிடம் கூண்டு கேட்டு வாங்கி வைக்கலாம். கிடைத்ததும் திட்டாதீர்கள், மறுநாள் உண்ணி பார்க்கக் கூட்டி வாருங்கள்.