பதினெட்டாவது தேர்வில் யாரை எடுப்பது?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 2024-25 சீசனில் அட்லாண்டா அணியின் டைசன் டேனியல்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாக 14.1 பாயிண்ட் எடுத்தார். அந்த லீக்கில் இது யாரும் வாய்பிளக்கும் எண் இல்லை. ஆனால் எதிராளி கையிலிருந்து பந்தைப் பறிக்கும் ஸ்டீலில் அவருடைய சராசரி 3. சீசன் முழுக்க 229. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் தொடாத சராசரி அது. ஆனாலும் நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் மொட்டைமாடியில் உட்கார்ந்து நாங்கள் நடத்தும் டிராஃப்டில் (கற்பனை அணிகளுக்கு நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டு) அவர் பெயரைச் சொன்னால், "பாயிண்டே அடிக்காதவன எடுத்து என்னலே செய்யப் போற?" என்று ஒரு குரல் கட்டாயம் வரும்.

ஆட்டத்தின் விதி எளிது. பத்துப் பேர். ஆளுக்கு 13 என்.பி.ஏ. வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் எடுத்த வீரரை இன்னொருவர் எடுக்க முடியாது. பிறகு வாராவாரம் இரண்டிரண்டு பேர் மோதுவோம். பாயிண்ட், ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடை போட வழிசெய்யும் பாஸ்), ஸ்டீல், பிளாக் (எதிராளி எறியும் பந்தைத் தடுப்பது), மூன்று பாயிண்ட் கூடைகள், ஃபீல்டு கோல் சதவீதம் (ஆட்டத்தின் போக்கில் எறிந்ததில் உள்ளே போனது), ஃப்ரீ த்ரோ சதவீதம் (ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத எறிதலில் உள்ளே போனது), டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) என ஒன்பது பிரிவுகள். அமெரிக்காவில் வீரர்கள் நிஜமாக ஆடியதன் கூட்டுத்தொகையில் யார் அதிகப் பிரிவுகளை வென்றாரோ அவருக்கு அந்த வாரம். காசு கிடையாது, கடைசியில் வருபவர் மற்றவர்களுக்குப் பரோட்டா வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

இதில் முதல் சிக்கல் அலகு. ஒரு ஸ்டீலும் ஒரு பாயிண்டும் சமமா? இதற்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் திட்டவிலக்கம் போதும். தேர்வாகக்கூடிய 130 பேரின் சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்று பார்த்து, அதை அந்தப் பிரிவின் திட்டவிலக்கத்தால் வகுக்க வேண்டும். கணக்குக்காக, பாயிண்டின் சராசரி 16, திட்டவிலக்கம் 6 என்றும், ஸ்டீலின் சராசரி 1, திட்டவிலக்கம் 0.35 என்றும் வைத்துக்கொள்வோம். 30 பாயிண்ட் எடுக்கும் நட்சத்திரத்துக்குப் பாயிண்ட் பிரிவில் +2.3 கிடைக்கும். டேனியல்ஸுக்கு அதே பிரிவில் −0.3. ஆனால் ஸ்டீலில் அவருக்கு +5.7. ஒரு பிரிவை ஏறக்குறைய தனி ஆளாகவே இழுத்துக் கொடுத்துவிடுவார். ஒன்பது பிரிவுக்கும் இப்படிக் கண்டுபிடித்துக் கூட்டினால் (டர்ன்ஓவருக்கு மட்டும் குறியை மாற்றிக்கொள்ள வேண்டும்) ஒரு வீரருக்கு ஒரே எண் கிடைக்கும்.

சதவீதப் பிரிவுகளில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். 2023-24இல் யானிஸ் ஆண்டெடோகூன்போ ஆட்டத்துக்கு 10.7 ஃப்ரீ த்ரோ எறிந்தார். உள்ளே போனது 65.7 சதவீதம். உங்கள் அணியின் மற்றவர்கள் சேர்ந்து 25 எறிந்து 20 போடுகிறார்கள், அதாவது 80 சதவீதம் என்று கொள்ளுங்கள். யானிஸ் சேர்ந்ததும் அது ஏறத்தாழ 75.7க்கு இறங்கிவிடும். அதே 65 சதவீதக்காரர் ஒருவர் ஆட்டத்துக்கு ஒரே ஒரு ஃப்ரீ த்ரோதான் எறிகிறார் என்றால் அணி 79.4இல் நிற்கும். ஆகவே சதவீதத்தை அப்படியே பார்க்கக் கூடாது, எத்தனை முறை எறிகிறார் என்பதோடு பெருக்கித்தான் பார்க்க வேண்டும்.

இங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. யானிஸை எடுத்தவர் "ஃப்ரீ த்ரோ பிரிவு போனால் போகட்டும், மற்ற எட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்று முடிவு செய்யலாம். அந்த நொடியே ஃப்ரீ த்ரோ மோசமான ரூடி கோபேர் மாதிரி சென்டர்களின் (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமானவர்கள்) மதிப்பு அவருக்கு மட்டும் ஏறிவிடும். எனவே 'இந்த வீரர் எத்தனையாவது இடத்துக்குத் தகுதி' என்று பொதுவாகப் போடும் பட்டியல்கள் முதல் ஓரிரு சுற்றுக்கு மேல் அதிகம் உதவாது. எங்கள் கூட்டத்தில் பலர் பதின்மூன்று சுற்றுக்கும் அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்து, எதற்கு மேல் எவ்வளவு என்ற கேள்வி. யாரும் எடுக்காமல் வெளியே கிடக்கும் வீரர் ஒருவரை நாளைக்கே இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே ஒருவரின் உண்மையான மதிப்பு, அப்படிச் சும்மா கிடைப்பவரைவிட அவர் எவ்வளவு கூடுதலாகத் தருகிறார் என்பதுதான். தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ விலை, அன்றைக்கு எத்தனை பேர் பூ கொண்டுவந்தார்கள் என்பதைப் பொறுத்துத்தானே ஏறி இறங்குகிறது? இங்கேயும் அதே கதை. பாயிண்ட் எடுப்பவர்கள் கடைசிச் சுற்று வரைக்கும் கிடைப்பார்கள். பிளாக் போடும் சென்டர்கள் சீக்கிரம் தீர்ந்துபோவார்கள்.

சரி, எப்போது எடுப்பது? எங்கள் டிராஃப்ட் பாம்பு வரிசையில் போகும்: முதல் சுற்று 1 முதல் 10 வரை, இரண்டாவது சுற்று 10இலிருந்து திரும்பி 1 வரை. மூன்றாம் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு 3, 18, 23, 38 என்ற தேர்வுகள் வரும். 18ஆம் தேர்வில் அவருக்கு ஒரு சென்டரும் ஒரு கார்டும் (பந்தைக் கையாண்டு வெளியே நின்று ஆடுபவர்) பிடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 23க்குள் நான்கு பேர்தான் போவார்கள். அவருக்குப் பின்னால் வரிசையில் இருப்பது இருவர்தான். ஆளுக்கு இரண்டு முறை எடுப்பார்கள். அவர்கள் இருவரிடமும் ஏற்கெனவே சென்டர் இருந்தால், முதலில் கார்டை எடுத்துவிட்டுச் சென்டரை 23க்கு விட்டுவைக்கலாம். 23ஆம் தேர்வில் இந்தத் துணிச்சல் ஆகாது. அடுத்த முறை வருவதற்குள் பதினான்கு பேர் போயிருப்பார்கள். இரண்டு இடத்திலும் வீரரின் எண் ஒன்றேதான், காத்திருப்பதன் விலை மட்டும் மாறுகிறது. மார்த்தாண்டத்திலிருந்து வரும் நண்பர் இதில் கெட்டிக்காரர். தன் பட்டியலைவிடப் பக்கத்தில் இருப்பவரின் பட்டியலைத்தான் அதிகம் பார்ப்பார்.

டிராஃப்டில் நாம் பார்க்கும் எண்கள் எல்லாம் முடிந்துபோன சீசனுடையவை என்பதை மறக்கக் கூடாது. உண்மையில் 36 சதவீதத் திறமை உள்ள ஒருவர் மூன்று பாயிண்டுக்கு 100 முறை எறிந்தால், அதிர்ஷ்டத்தினாலேயே ஏறத்தாழ 5 சதவீதம் மேலோ கீழோ வருவது சகஜம். 41 சதவீதம் என்று பார்த்து மயங்கி எடுத்தால், அடுத்த ஆண்டு அவர் தன் பழைய இடத்துக்குத் திரும்பியிருப்பார். 500 முறை எறிந்தவரிடம் அந்த ஊசலாட்டம் 2 சதவீதத்தைச் சுற்றித்தான். சின்ன எண்ணிக்கையில் வந்த பெரிய சதவீதத்தைப் பொதுச் சராசரியை நோக்கி இழுத்து வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

காயம் இன்னொரு தலைவலி. சான் அன்டோனியோவின் விக்டர் வெம்பன்யாமா 2024-25இல் ஆட்டத்துக்கு 3.8 பிளாக் போட்டார். 2025 பிப்ரவரியில் தோள்பட்டையில் ரத்த உறைவு கண்டுபிடிக்கப்பட்டு, 46 ஆட்டங்களோடு அந்த சீசன் அவருக்கு முடிந்தது. சீசனில் 82 ஆட்டங்கள் என்பதால் பாதி வீண் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் மீதி 36 ஆட்டங்களில் அவர் இடம் காலியாக இருக்கப்போவதில்லை, வெளியே கிடப்பவர் ஒருவர் ஆடுவார். அவரைவிட ஆட்டத்துக்கு 8 அலகு கூடுதலாகத் தருபவர் 46 ஆட்டம் ஆடினால் 368. 5 அலகு தருபவர் 75 ஆட்டம் ஆடினால் 375. ஏறக்குறைய சமம்! எங்கள் லீக்கின் இறுதிச் சுற்றுகள் மார்ச்சில் வருவதால் பிப்ரவரியில் போனதுதான் வயிற்றெரிச்சல்.

அப்புறம் சீசன் முடிந்ததும் 'யார் நன்றாக எடுத்தார்கள்' என்று ஒரு விசாரணை நடக்கும். பெரும்பாலும் அது அநியாயமாகத்தான் முடியும். என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை நிஜமாகவே முறைவைத்து எடுக்கும் 1984 டிராஃப்டில் போர்ட்லாந்து இரண்டாவது தேர்வில் சாம் போவியை எடுத்தது. மூன்றாவதாகச் சிகாகோவுக்குப் போனவர் மைக்கேல் ஜோர்டான். இன்றுவரை சிரிக்கிறார்கள். ஜோர்டான் ஆடும் இடத்துக்குப் போர்ட்லாந்திடம் அப்போதே கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார், அதனால் சென்டர் தேடியதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் கால் எலும்பு முறிவால் போவி கல்லூரியில் இரண்டு சீசன் ஆடவே இல்லை. அது அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். குறை சொல்வதென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். மறுபக்கம், 2014இல் 41ஆவதாக நிக்கோலா யோக்கிச்சை எடுத்த டென்வரை எல்லோரும் தீர்க்கதரிசி என்கிறார்கள். அதே டிராஃப்டில் அவருக்கு முன்பே யூசுஃப் நூர்கிச் என்ற இன்னொரு சென்டரை அந்த அணி வாங்கியிருந்தது. யோக்கிச் இவ்வளவு பெரிய ஆளாவார் என்று தெரிந்திருந்தால் 41 வரை காத்திருப்பார்களா?

அதனால் இப்போது டிராஃப்ட் அன்றைக்கே ஒவ்வொருவருடைய கணிப்பையும் எழுதி வாங்கிவைத்துவிடுகிறோம். ஒவ்வொரு தேர்வையும் அந்த எண்ணோடும், அந்த இடத்தில் வழக்கமாகக் கிடைக்கும் மதிப்போடும் ஒப்பிடுகிறோம். அந்த மதிப்பு முதல் பத்து இடங்களுக்குள் செங்குத்தாக இறங்கும், பிறகு தட்டையாகிவிடும். 1க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம் பெரியது. 90க்கும் 120க்கும் உள்ளதைக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

அந்தத் தட்டையான பகுதியில் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். முதல் சுற்றில் நம்பகமானவர் வேண்டும், ஏனென்றால் அங்கே தோற்றால் ஈடுகட்ட வழியில்லை. 12, 13ஆம் சுற்றில் எடுத்தவர் சரிவரவில்லை என்றால் இரண்டு வாரத்தில் கழற்றிவிட்டு வேறொருவரைச் சேர்க்கலாம், நஷ்டம் ஒன்றுமில்லை. பலித்தால் லாபம் முழுக்க நமக்கு. ஆகவே அங்கே எப்போதும் சுமாராக ஆடும் முப்பத்து நான்கு வயது அனுபவசாலியைவிட, இன்னும் நேரம் கிடைக்காத இருபது வயதுப் பையனே மேல். குளச்சல்காரர் ஒவ்வொரு ஆண்டும் தன் கடைசி இரண்டு தேர்வுக்கும் யாரும் கேள்விப்படாத பெயர்களைச் சொல்வார். கூட்டம் சிரிக்கும். நவம்பர் பிறப்பதற்குள் ஒருவரைக் கழற்றிவிட்டிருப்பார், மற்றவரைக் கேட்டு நாங்கள் பேரம் பேசிக்கொண்டிருப்போம்.